மாதம் மூன்று மறுப்பு

ஏட்டு கோமதிநாயகம் தன் நாற்பத்தாறு வயதில் "முடியாது" என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தார். அதுவும் பல் டாக்டரிடம், மரத்துப்போன வாயோடு. டாக்டருக்கு விளங்கவில்லை. நல்ல பல் ஒன்று போயிற்று. அன்றிலிருந்து அந்த வார்த்தையின் பக்கமே அவர் போகவில்லை.

ஆகவே, இலாகா எல்லாக் காவலர் கையிலும் வில்லை பதித்த வருஷம், புளியடிக்குறிச்சி ஸ்டேஷனில் அதற்காக அலட்டிக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான். வலது முழங்கைக்குக் கீழே, தோலுக்கடியில், பொட்டுக்கடலை அளவு. அதிகாரியின் சாவிக்கொத்தில் ஒரு பொத்தான். உத்தரவைச் சொல்லி ஆளை நோக்கி ஒரு அமுக்கு அமுக்கினால் வில்லை விழித்துக்கொள்ளும். ஆள் வேலையில் இறங்கிவிட்டான் என்று கண்டு அதிகாரி இன்னொரு தடவை அமுக்கினால் தூங்கிவிடும். அமுக்கவில்லையென்றால் ஐந்தாவது விநாடியில் கையில் கரண்ட் பாயும். மறுபடி அமுக்கும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். என்ன உத்தரவு என்று அது கேட்காது. ஆட்டை வெட்டச் சொன்னாலும் ஆளை வெட்டச் சொன்னாலும் அதற்கு ஒன்றுதான்.

"இருபத்திரண்டு வருசமா கரண்டு இல்லாமலே ஓடுத வண்டிம்மா நான். எனக்கு எதுக்கு பேட்டரி?" என்று ஊசியோடு வந்த நர்ஸிடம் கேட்டார். நர்ஸ் சிரித்தாள். ஊசி சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து கோர்ட் தலையிட்டது. மறுக்க வழியே இல்லாத உத்தரவு அடிமைத்தனம் என்றது. இலாகா ரொம்ப யோசித்து, ஆளுக்கு மாதம் மூன்று மறுப்பு என்று ஒதுக்கியது. வில்லை இருக்கும் இடத்தில் தோலுக்கு மேல் மூன்று பச்சைப் புள்ளிகள் ஒளிரும். உத்தரவு வந்ததும் "மறுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் ஒரு புள்ளி அணையும். அந்த உத்தரவு அங்கேயே செத்துவிடும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒன்றாம் தேதி மூன்றும் மறுபடி முளைக்கும்.

மறுக்கத் தெரியாதவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க வாழ்க்கை ஒரு டவுன் பஸ். கை காட்டின எல்லாரையும் ஏத்திக்கிறீங்க. படிக்கட்டுல தொங்கறது யாருன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க. நீங்கதான்! நாலு பேரை இறக்கி விடுங்க. உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும்."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தான் படிக்கட்டில்கூட இல்லை, பஸ்ஸுக்கு அடியில் கிடப்பதாகத்தான் அவருக்குப் பட்டது.

முதல் மாதம் திருவிழா மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் ராஜசிம்மன் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறி வாங்கிவரச் சொன்னார்.

"மறுக்கிறேன்" என்றார் கோமதிநாயகம். கூத்தில் ராஜா வேஷக்காரன் பேசுகிற மாதிரி இருந்தது அவருக்கே. ஆனால் புள்ளி அணைந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வீட்டு நாய்க்கு நகம் வெட்டும் வேலை வந்தது, மறுத்தார். இன்ஸ்பெக்டர் மச்சினன் கல்யாணத்துக்கு மதுரைக்குக் கார் ஓட்டும் வேலை வந்தது, அதையும் மறுத்தார்.

கிடைத்த நேரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மகள் பூரணி கோ-கோ ஆடுவதை மைதானத்து வேலியோரம் நின்று பார்த்தார். அவள் அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பகலில் தூங்கினார். மனைவி உலகம்மாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "காய்ச்சலா?" என்று கேட்டாள்.

ஒன்பதாம் தேதிக்குள் மூன்று புள்ளிகளும் அணைந்துவிட்டன. ஸ்டேஷனில் எல்லார் கையும் அப்படித்தான் இருட்டிக் கிடந்தது.

இருபத்தாறாம் தேதி மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, இளநீர்க்காரன் செல்லப்பாவைக் கொண்டுவந்தார்கள். பைக் திருட்டு.

"மோட்டாரைப் போடு" என்றார் ராஜசிம்மன். ஸ்டேஷன் பின்கட்டில் போர்வெல் மோட்டார். அது ஓடினால் எதிரே ரேஷன் கடையில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது எதுவும் கேட்காது. பிறகு கம்பை நீட்டினார். "யோவ் ஏட்டு, நீ போடு."

பொத்தானை அமுக்கினார்.

இருபத்துமூன்று வருஷமும் கோமதிநாயகம் பேனாதான் பிடித்திருந்தார். அடிக்கிறவன் அடிப்பான், 'தப்பியோட முயன்று தவறி விழுந்ததில் காயம்' என்று முத்து முத்தாக எழுதுகிறவர் அவர். எழுதும்போது கைக்கு வலிக்காது. இப்போது இரண்டு விநாடி போனது, மூன்று போனது, கம்பு ஓங்கியது. முதல் அடி உள்ளங்காலில். இரண்டாவதும் அங்கேதான். செல்லப்பா காலை இழுத்துக்கொண்டதில் மூன்றாவது முழங்கால் சில்லில் விழுந்தது. காய்ந்த தேங்காய் ஓடு உடைகிற சத்தம் மோட்டாரையும் மீறிக் கேட்டது. செல்லப்பா இரண்டு பைக்கை ஒப்புக்கொண்டான். அடி நிற்கவில்லை என்பதால் யாரும் கேட்காத மூன்றாவது பைக் ஒன்றையும் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

நாலு நாளில் பைக்குகள் கிடைத்தன. திருடியவன் வேறு ஆள். செல்லப்பாவை அனுப்பிவிட்டார்கள். அவன் இனி மரம் ஏறமாட்டான். கோமதிநாயகத்துக்குச் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்த ஓடு உடைந்தது.

"ஏட்டையா, ஒண்ணு கவனிச்சியளா?" என்று டீ குடிக்கும்போது கேட்டாள் காவலர் இசக்கித்தாய். வேலைக்கு வந்து இரண்டு வருஷம். வாய் நீளம், கண் அதைவிட நீளம். "இந்த மாசம் நம்ம ஸ்டேஷன்ல எல்லாக் கேஸும் இருவதாந்தேதிக்கு மேலதான் முடிஞ்சிருக்கு."

"மாசக் கடைசிலா. கணக்கு முடிப்பாவ."

"அதில்ல. மொத வாரம் நாய்க்கு நகம் வெட்டச் சொல்லுதாரு. நாம கெத்தா மறுக்கிறேன், மறுக்கிறேன்னு மூணையும் தீத்துருதோம். கடைசி வாரம் மனுசனுக்கு நகம் புடுங்கச் சொல்லுதாரு. அப்ப நம்ம கையில என்ன இருக்கு?"

கோமதிநாயகம் டீயைக் கீழே வைத்தார். ஆட்டுக்கறிக்கும் நாய் நகத்துக்கும் மதுரைக் கல்யாணத்துக்கும் செல்லப்பாவின் முழங்காலைக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு மத்தியானத் தூக்கம் இலவசம்.

அடுத்த மாதம் அவர் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. கறி வாங்கினார். நாய்க்கு நகம் வெட்டினார். நாய் இரண்டு தடவை கடித்தது, அதற்கு மறுப்பு வரம்பு எதுவும் கிடையாது. இன்ஸ்பெக்டரின் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பூரணியின் மாவட்ட இறுதிப் போட்டி அன்று இன்ஸ்பெக்டர் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். பூரணி தோற்றுவிட்டு வந்து நாலு நாள் அவரோடு பேசவில்லை.

"போன மாசம் இந்த வீட்டுல ஒரு மனுசன் இருந்தாரு. எண்ணெ தேச்சுக் குளிப்பாரு" என்றாள் உலகம்மாள். "எங்கயாவது பாத்தியன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

"மிச்சம் வச்சிருக்கேன் உலகு."

"எதுக்கு?"

அவர் பையை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டருக்குக் கறி வாங்கக் கிளம்பினார்.

ராஜசிம்மனும் பார்த்தார். "என்னய்யா ஏட்டு, மூணும் பச்சையா இருக்கு? விதைக்கு வச்சிருக்கியா?"

"ஆமாங்கய்யா" என்றார் கோமதிநாயகம். ஜோக் என்று நினைத்து இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

இருபத்தேழாம் தேதி, மத்தியானம் மூன்று மணிக்கு, ஞானதிரவியத்தைக் கொண்டுவந்தார்கள். ஊரில் போர்வெல் மோட்டார் மெக்கானிக் அவன் ஒருவன்தான். போன வாரம்தான் ஸ்டேஷன் மோட்டாரையே வெளியே தூக்கிப் பழுதுபார்த்துவிட்டுப் போனான். ரைஸ் மில்லில் செப்புக் கம்பிச் சுருள் காணோம். கம்பி தெரிந்தவன் இவன்தானே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாட்சி அவ்வளவுதான்.

பின்கட்டு அறையில் அவன் கைகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். அறையில் இன்ஸ்பெக்டர், கோமதிநாயகம், இசக்கித்தாய், வேறு யாரும் இல்லை.

"மோட்டாரைப் போடு."

மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஞானதிரவியம் பதறிப்போய்த் தலையைத் தூக்கினான். "ஐயா, ரொம்ப நேரம் ஓட்டாதீய. தண்ணி மட்டம் கீழ கெடக்கு. மோட்டார் காயில் கருகிரும்!"

"உன்னைப் பத்திக் கவலைப்படுடா" என்ற ராஜசிம்மன் கம்பை நீட்டினார். "ஏட்டு. போடு." பொத்தான் அமுங்கியது.

"மறுக்கிறேன்."

ஒரு புள்ளி அணைந்தது. இத்தனை நாள் கழுவிய தொட்டியும் வாங்கிய நாய்க்கடியும் இதற்குத்தான் என்று கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சரியாக நாலு விநாடிக்கு.

ராஜசிம்மன் கோபப்படவில்லை. "உன் உரிமை" என்றார். கம்பை அப்படியே இடப்பக்கம் திருப்பினார். "இசக்கி. நீ போடு." பொத்தானை அமுக்கினார்.

இசக்கித்தாய் கையில் புள்ளி ஒன்றுகூட இல்லை. அவள் அம்மாவுக்கு இரண்டாம் வாரம் ஆபரேஷன். மூன்று மறுப்பையும் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உட்காரச் செலவழித்திருந்தாள்.

அவள் ஏட்டையாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அடித்தாள். முதல் அடி முதுகில். ராஜசிம்மன் மறுபடி அமுக்கி அவள் வில்லையைத் தூங்க வைத்தார். இரண்டாவது தோளில். மூன்றாவது, கட்டிய கைகள்மேல். ஜன்னல் கம்பிக்கும் மூங்கிலுக்கும் நடுவே இரண்டு விரல்கள் நசுங்கின. ஞானதிரவியம் அம்மா என்று கத்தவில்லை. மூச்சு வராமல் வாயை மட்டும் திறந்தான். ரத்தம் சுவரில் சின்னச் சின்னதாகத் தெறித்தது. இசக்கித்தாய்க்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

பயிற்சி அம்மாள் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள் என்று கோமதிநாயகத்துக்கு அப்போது தோன்றியது. நாம் எழுந்த சீட்டில் யாராவது உட்காரத்தான் வேண்டியிருக்கிறது.

நாலாவது அடிக்குக் கம்பு உயர்ந்தபோது அவர் இரண்டு எட்டு வைத்துப் போய் அதைப் பிடித்தார். "இங்க குடு தாயி."

இசக்கித்தாய் விரல்கள் தானாக விட்டன.

"அப்படி வா வழிக்கு" என்றார் ராஜசிம்மன். இவர் பக்கம் திரும்பினார், விரல் பொத்தான்மேல். "நீயே போடு."

"மறுக்கிறேன்."

ராஜசிம்மன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. "ஓகோ. சரி, கம்பை அவகிட்டக் கொடு."

"மறுக்கிறேன்."

மூன்றாவது புள்ளியும் போனது. தோல் வெறும் தோலாக இருந்தது.

"தீர்ந்துச்சா?" ராஜசிம்மன் நிதானமாக அருகில் வந்தார். "விதை எல்லாம் தீர்ந்துச்சா ஏட்டு? இப்போ கொடு."

அமுக்கினார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் கையை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை. ஒன்று. இரண்டு. மூன்று. ஞானதிரவியம் நெற்றியை ஜன்னல் கம்பியில் சாய்த்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு.

ஐந்து.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்த இருவரும் விசாரணைக் கமிஷன் முன்னால் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஏட்டின் வலது கை தோளிலிருந்து விறைத்தது. முகம் கோணியது. ஆனால் கம்பை விடவில்லை. இன்ஸ்பெக்டர் "கொடுடா" என்று கத்தினார். விடவில்லை. கன்னத்தில் அறைந்தார். விடவில்லை. பூட்ஸ் காலால் வயிற்றில் மிதித்தார். ஏட்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். கம்பு கையோடு இருந்தது. இன்ஸ்பெக்டர் கைவிலங்கால் அவர் வாயில் குத்தினார். பல் தெறித்து விழுந்தது. பிறகு குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். சுண்டுவிரல் பின்பக்கம் முறிந்தது. மோதிர விரலும். மற்ற மூன்றும் கம்பிலேயே இருந்தன.

"ஐயா, பொத்தான அமுக்குங்க!" என்று ஞானதிரவியம் கட்டுக்குள்ளிருந்து கதறினான். "கரண்ட நிறுத்துங்கய்யா!"

"வாயை மூடுறா. எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்ற இன்ஸ்பெக்டர், பொத்தானை அமுக்கினால் தான் தோற்றதாக ஆகிவிடும் என்பது போலச் சாவிக்கொத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

அப்போது பின்கட்டில் பொசுங்கிய நாற்றம் வந்தது. மோட்டார் ஒரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

ரேஷன் கடை வரிசையில் அன்றைக்கு அறுபது பேராவது நின்றிருந்தார்கள். பாமாயில் வந்த நாள். திடீரென்று விழுந்த நிசப்தத்தில், "கொடுடா நாயே! விரலை வெட்டிருவேன்!" என்ற சத்தமும், மனிதக் குரல் என்று சட்டென்று சொல்ல முடியாத ஓர் ஊளையும் ரோட்டைத் தாண்டி வந்தன. முதலில் பெண்கள்தான் காலி கேனோடு ஓடிவந்தார்கள்.

கூட்டம் உள்ளே நுழைவதற்குள் இசக்கித்தாய் இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைப் பல்லால் கடித்துச் சாவிக்கொத்தைப் பிடுங்கி அமுக்கினாள். யாரும் உத்தரவு போடாமல் அந்த ஸ்டேஷனில் நடந்த முதல் காரியம் அது.

கரண்ட் நின்றது. கை திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில்தான் கம்பை அறுத்து எடுத்தார்கள்.

ராஜசிம்மனை உள்ளே வைத்தார்கள். செப்புச் சுருள் ரைஸ் மில்லிலேயே உமி மூட்டைக்கு அடியில் கிடைத்தது. செல்லப்பாவின் முழங்காலைப் பற்றிக் கமிஷனில் யாரும் கேட்கவில்லை. கோமதிநாயகமே எழுந்து சொன்னார். அவர் எழுதிய அத்தனை 'தவறி விழுந்த' காயங்களையும் சொன்னார். ஆனால் பேப்பர்காரர்களுக்கு வேண்டியது வேறு. வில்லையை எதிர்த்தவர்கள் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் அவர் கை. நரம்பு செத்து, பாதி மூடியபடியே நின்றுவிட்ட முஷ்டி. சட்டைப் பொத்தான் போட முடியாத, சோறு அள்ள முடியாத கை, போஸ்டரில் மட்டும் அம்சமாக இருந்தது.

மருத்துவக் காரணத்தால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது அவரிடம் நேரம்தான் நேரம். அதைத் தெருவே கண்டுபிடித்துவிட்டது. "ஏட்டையா சும்மாதான இருக்கீய" என்று பாங்குக்கு அனுப்பினார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், சிலிண்டர் வரும்வரை வாசலில் உட்கார வைத்தார்கள். அநீதிக்கு மறுத்த வீரர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்.

ஒருநாள் காலையில் வீட்டு மோட்டார் ஓடவில்லை. ஞானதிரவியம் வந்தான். அவனுக்கும் இரண்டு விரல் வளையாது. ஸ்டார்ட்டர் பெட்டியை ஏட்டையா இடது கையால் தாங்கிக்கொள்ள, அவன் மூன்று விரலால் திருகாணியைக் கழற்றினான். இருவருக்கும் சேர்த்து ஒன்றரைக் கை.

"ஞானம்" என்றார் கோமதிநாயகம். "உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும். வெளிய சொல்லிராதீரும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு, கடைசித் தடவ, நான் மறுக்கல வே. நாலு செகண்டு யோசிச்சேன். பயம் வந்துட்டு. அஞ்சாவதுல, சரி குடுத்துருவோம்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குள்ள கரண்டு அடிச்சிட்டு. பெறவு விரலப் பிரிக்க நானும் எம்புட்டோ பாத்தேன். வாய் வேற கோணிட்டா, குடுத்துருதேன்யான்னு சொல்லக்கூட வரல." அவர் முஷ்டியைப் பார்த்துக்கொண்டார். "ஊரு பூரா போஸ்டர் ஒட்டியிருக்கான். பாக்கும்போதெல்லாம் மேலெல்லாம் கூசுது."

ஞானதிரவியம் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு கம்பியைச் சுரண்டினான். "தெரியும்" என்றான்.

"என்னது?"

"முப்பது வருசமா கரண்டுல கெடக்கேன். புடிச்சிக்கிட்டு நிக்குத கைக்கும் புடிபட்டு நிக்குத கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அதான அமுக்குங்கய்யா அமுக்குங்கய்யான்னு கத்துனேன். கரண்டுல புடிச்ச கை விடாது."

கோமதிநாயகத்துக்குக் காது சூடானது. "பெறவு ஏன் வே கமிஷன்ல அப்படிச் சொன்னீரு?"

"அவுக கேட்டது விட்டாரா விடலையான்னு. விடல. சொன்னேன்." திருகாணியை வாயிலிருந்து எடுத்தான். "அதுக்கு முன்னால அந்தப் பிள்ள கையிலேருந்து கம்ப வாங்குனியள்லா, ஏட்டையா. அப்ப உங்க கையில கரண்டு இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவன் மறுபடி பெட்டிக்குள் குனிந்துகொண்டான்.

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து உலகம்மாள் கூப்பிட்டாள். "மேலத்தெரு அக்கா போன் பண்ணுதா. அவ மாமனாரப் பஸ் ஏத்திவிடணுமாம். ஒரு எட்டு போயிட்டு வாரியளா?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். வழக்கமான அந்த ஒரு சொல் வந்து நாக்கில் உட்கார்ந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் தலையை விட்டிருந்தவனைப் பார்த்தார்.

"முடியாது உலகு" என்றார். "பேசிக்கிட்டிருக்கோம்."

கை தானாக ஒரு தரம் விறைத்துக்கொண்டது. ஐந்து விநாடி போனது. ஆறாவதும் போனது.

"சரி" என்றாள் உலகம்மாள் உள்ளேயிருந்து. "அப்ப ரெண்டு பேருக்கும் காப்பி போடுதேன்."